சங்கரலிங்கம் வீட்டு ஸ்கேனர்

பழைய கருவி ஒன்றைக் கண்டதும் நீங்கள் முதலில் சொல்லும் வாக்கியம் எனக்குத் தெரியும். "இது இனிமே ஓடாது சார், புதுசு வாங்கிக்கோங்க." தவறில்லை. பணியில் இருந்த காலத்தில் நானும் அதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பெரும்பாலும் அதுதான் சரியான ஆலோசனையும்கூட.

ஹைதராபாத் கச்சிபௌலியில் கணினி சப்போர்ட் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நீங்கள் சிலர் சேர்ந்து, உங்கள் அனுபவத்தில் ஒன்றை எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். உட்கார்ந்து யோசித்தேன். சர்வர் விழுந்து அலுவலகமே ஸ்தம்பித்த நாட்கள் உண்டு. சம்பளப் பட்டியல் காணாமல் போய் மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்ட நாளும் உண்டு. அவை எதுவும் எழுத வரவில்லை. ஒரு வீட்டில் இருந்த பழைய ஸ்கேனர்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. ஆகவே அதையே சொல்கிறேன்.

நான் வேலை பார்த்தது செகந்திராபாத் பக்கம், மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவில். அங்கே தொலைபேசி இணைப்பகத்தில் சங்கரலிங்கம் என்று ஓர் ஆபரேட்டர் இருந்தார். திருநெல்வேலிக்காரர். கண் தெரியாதவர். சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். எப்போது, எப்படி என்று யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. "ஹலோ" என்று நாம் சொல்வதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். எனக்குத் தொண்டை கட்டியிருந்தால், "மேடம், சுக்குக் காபி குடிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் லைன் கொடுப்பார். அத்தனை வருஷத்தில் தனக்கென்று ஓர் உதவி கேட்டதில்லை.

ஒரு நாள் காலையில் இன்டர்காமில் கூப்பிட்டார்.

"மேடம், இது ஆபீஸ் வேலை இல்ல. சொந்த வேலை. கேக்கலாமா?"

"கேளுங்க சங்கரலிங்கம்."

"வீட்ல எங்கிட்ட ஒரு பழைய ஸ்கேனர் இருக்கு. அதுல புஸ்தகத்தை வெச்சா வாய்விட்டுப் படிச்ச கம்ப்யூட்டர் எரிஞ்சு போச்சு. மச்சான் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கான். ஸ்கேனர்ல லைட் ஓடுதுங்கா வீட்டுக்காரி கோமதி. ஆனா லேப்டாப்புக்கு அது யாருன்னே தெரியல. கடையில கேட்டா எல்லாரும் தூக்கிப் போடுங்காங்க."

"இப்பதான் போன்லயே படிச்சுச் சொல்ற ஆப் எல்லாம் வந்திருக்கே. அதைப் பாத்தீங்களா?"

"மச்சான் அதையும் போட்டுக் கொடுத்திருக்கான். அது வேண்டாம் மேடம். எனக்கு ஸ்கேனர்தான் வேணும்."

எப்போதும் இழைகிற அந்தக் குரல் அன்று கட்டையாக இருந்தது. பழகிய பொருளை விட மனசு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். நம் தொழிலில் இப்படி அடிக்கடி நினைப்போம். எதிராளி பிடிவாதம் பிடித்தால், அவருக்குப் புதியது பழக்கமில்லை என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வோம். அவர் பிடிவாதத்துக்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும் என்று தோன்றாது.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போலாரம் போனேன். பழைய பங்களா ஒன்றைப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதன் பின்பகுதியில் அவர்கள் வீடு. சங்கரலிங்கத்தின் மனைவி கோமதி வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்.

"வாங்க மேடம். இந்த வெயில்ல வந்திருக்கிய. மோர் தரட்டா?"

மகள் நிவி, மூன்றாம் வகுப்பு. பக்கத்தில் உள்ள ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். பெற்றோர் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இந்தியில். "ஸ்கூல்ல சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டதற்கு, "ஹவ், தின்னானு" என்று, சாப்பிட்டதாகச் சொல்லிவிட்டு என் ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிப் பார்த்தாள்.

ஸ்கேனர் ஒரு மூலையில் மேசைமேல் இருந்தது. நம்மில் பலர் குப்பையில் போட்ட மாடல். வெள்ளை நிறம் பழுத்து மஞ்சளாகியிருந்தது. மூடியின் ஒரு கீல் உடைந்து, அதை நாடாவால் கட்டியிருந்தார்கள். அதைத் தொடுவதற்கு முன் நான் அவரிடம், "இது நல்லா இருந்தப்போ தினமும் என்ன செய்வீங்களோ, அதை அப்படியே இப்ப செஞ்சு காட்டுங்க" என்றேன். கருவி வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

சங்கரலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். மூடியைத் தூக்கினார். இடது கை விரல் கண்ணாடியின் மேல் மூலையைத் தேடிப் போய் நின்றது. வலது கையால் பாடப்புத்தகத்தை விரித்துக் கவிழ்த்து, அந்த விரலை முட்டும்வரை தள்ளினார். மூடியை உள்ளங்கையால் அழுத்தினார். ஒரு விசையைத் தட்டுவதுபோல மேசையைத் தட்டினார்.

"இப்ப அது படிக்கும் மேடம். நான் கேப்பேன். கேட்டுட்டு நிவிக்குச் சொல்லிக் கொடுப்பேன்."

கோமதி ஊரில் தமிழில் பத்தாவது வரை படித்தவர். "இங்கிலீசுப் பாடம்லாம் அவுக பொறுப்புதான். எனக்கு அதுல ஒண்ணும் ஓடாது" என்றார். மகள் முதல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவளுடைய ஒவ்வொரு புத்தகத்தையும் ஒவ்வொரு பக்கமாக அந்தக் கண்ணாடிமேல் கவிழ்த்துக் கேட்டுத்தான் சங்கரலிங்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவள் வகுப்பில் முதல் வரிசை. போனில் படமெடுக்க வேண்டுமானால் பக்கம் முழுசாகச் சட்டத்துக்குள் விழுந்ததா என்று பார்க்கக் கண் வேண்டும். இந்தக் கண்ணாடிக்கு ஒரு மூலை இருக்கிறது. விரல் அதைக் கண்டுபிடித்துவிடும். பிடிவாதத்தில் ஒரு பாதி எனக்கு அப்போதே விளங்கியது. மறுபாதி பின்னால்தான் விளங்கியது.

"இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"அவளே படிச்சுக் காட்டுதா. நான் கேட்டுக்கிடுதேன்" என்றவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "நிவி, அந்தச் சயின்ஸ் பாடத்தை மேடம் முன்னாடி ஒருக்கா படிம்மா" என்றார்.

நிவி என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நம் ஐம்புலன்கள் பற்றிய பாடம். ஆங்கிலம் தெளிவாக வந்தது. கண் என்ன செய்கிறது, காது என்ன செய்கிறது என்று படித்துக்கொண்டே வந்தவளின் விரல் ஓரிடத்தில் சட்டென்று மூன்று வரி தாண்டிக் கீழே இறங்கியது. குரலில் மாற்றமே இல்லை. நான் புத்தகத்தைப் பார்த்தேன். தாண்டிய வரிகளில் இப்படி இருந்தது: கண் தெரியாதவர்களால் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள முடியாது. அவர்கள் எப்போதும் பிறரை நம்பியே வாழ்கிறார்கள். நாம் அவர்கள்மீது இரக்கம் காட்ட வேண்டும்.

அடுத்த பக்கத்தில் மறுபடியும் விரல் தாண்டியது. கடைசியில், வினாக்கள் இருந்த இடத்தில் இன்னொரு முறை. நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். படிப்பதை நிறுத்தாமலே என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். சங்கரலிங்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் இறுகியிருந்தது. பாடம் புரியவில்லையோ என்று நினைத்தேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். அந்த ஸ்கேனரைச் செய்த நிறுவனம், அதைப் புதிய கணினிகளோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளை எழுதவே இல்லை. சங்கரலிங்கத்தின் மச்சான் போனில் அதற்கு ஒரு வழி சொன்னார். யாரோ எங்கேயோ எழுதி இணையத்தில் போட்டிருந்த டிரைவரைப் போட்டுவிட்டு, லேப்டாப்பின் பாதுகாப்புகளை எல்லாம் நிரந்தரமாக அணைத்துவிட வேண்டியது. அன்றே வேலை முடிந்திருக்கும். நான் வேண்டாம் என்றேன். திரையில் ஓர் எச்சரிக்கை பளிச்சென்று வந்தால் நீங்களும் நானும் பார்ப்போம். அவர் பார்க்க மாட்டார். அப்படிப்பட்டவர் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வருவதற்கு எனக்கு மனசில்லை. எரிந்துபோன கணினியின் டிஸ்க் நன்றாக இருந்தது. அதில் இருந்த பழைய அமைப்பு முழுவதையும் புது லேப்டாப்புக்குள் ஒரு தனி அறை மாதிரி குடிவைத்து, ஸ்கேனரை அந்த அறையோடு மட்டும் பேசவிடலாம், அந்த அறைக்கு இணையமே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

"கொஞ்ச நாள் ஆகும் சங்கரலிங்கம். எல்லாத்தையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

"எத்தனை நாளானாலும் சரி மேடம்" என்றார். உடனே, "ரொம்ப நாள் ஆக்கிராதீங்க" என்றும் சொன்னார்.

ஸ்கேனரை ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் துண்டு சுற்றி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். நிவி ஹெல்மெட்டோடு வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, இதை ரிப்பேர் செய்ய நக்கோ."

"ஏன்டா வேண்டாம்?"

"எக்ஸாம் முடிஞ்ச அப்புறம் செய்யுங்க. இப்ப ஒத்து, வேண்டாம். அப்பா அந்த லெசன் வெச்சுக் கேப்பாரு." கண்கள் தளும்பிவிட்டன. "அதுல தப்பா எழுதியிருக்கு ஆன்ட்டி. அப்பா வினகூடாது."

அப்பா கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. எட்டு வயதுக் குழந்தை ஒரு பாடப்புத்தகத்துக்கும் தன் அப்பாவுக்கும் நடுவே இத்தனை நாளாகத் தனியாக நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்கு நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். 'ஆகட்டும்டா' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அது மிகச் சுலபம். உற்பத்தி செய்தவர்களே கைவிட்ட கருவி. ஊரில் உள்ள கடைக்காரர்கள் எல்லாரும் ஓடாது என்று சொல்லியாகிவிட்டது. நானும் போய், முடியவில்லை என்று சொன்னால் சங்கரலிங்கம் ஒரு கேள்வி கேட்க மாட்டார். நம் வேலையில் இருக்கிற பெரிய அதிகாரம் இதுதான். 'முடியாது' என்று நாம் சொன்னால் மற்றவர்கள் நம்பியாக வேண்டும். சரிபார்க்க அவர்களுக்கு வழி கிடையாது. கண் தெரிந்தவர்களுக்கே கிடையாது.

ஆனால் அந்த மனிதர் அந்தக் கண்ணாடியை நம்பியதே, யாருக்கு எதை விட வேண்டும் என்று அது தீர்மானிக்காது என்பதால்தான். அவருக்காக அதை நான் தீர்மானித்தால், அந்தப் பாடத்தில் எழுதியிருப்பதை நானே உண்மையாக்கியதுபோல் ஆகிவிடாதா?

குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நிவி, என்னால முடிஞ்சா இதை நான் சரி செஞ்சுடுவேன். உங்க அப்பாகிட்ட பொய் சொல்ல எனக்கு வராது. ஆனா நீ இப்ப எங்கிட்ட சொன்னதை நானா போய்ச் சொல்லவும் மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது."

கையை உருவிக்கொண்டாள். ஹெல்மெட்டை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க வேலை சண்டித்தனம் பண்ணியது. பழைய அமைப்பு புது வீட்டில் எழுந்திருக்க மறுத்தது. எழுந்தால் ஸ்கேனரைக் கண்டுகொள்ளவில்லை. அதன் விவரம் உங்களுக்கு வேண்டாம், நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்துவிடுவீர்கள். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் எனக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். நிஜமாகவே முடியாமல் போய்விட்டால் நல்லது என்று ஓர் ஆசை. அந்த ஆசையோடு கருவியின் முன் உட்காராதீர்கள். கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். நான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

நடுவில் சங்கரலிங்கம் தினமும் கூப்பிட்டார். பெரிய அதிகாரிகளின் அழைப்புகளையே பதறாமல் கையாள்கிற மனிதர், "மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்கும்போது மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. பரீட்சை நெருங்குகிறது, அதுதான் கவலை என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாலையில் அது படித்துவிட்டது. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மளிகைக் கடை விளம்பரத் தாள் ஒன்றை, மூக்கால் பேசுகிற அந்தப் பழைய இயந்திரக் குரல் எழுத்துக்கூட்டாமல் படித்தது. லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுவதும் அணைத்துவிட்டு, விசைகளை மட்டும் வைத்து நானே பலமுறை செய்து பார்த்தேன். கண்ணை நம்பாமல் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா? ஓடியது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போலாரம். எல்லாவற்றையும் இணைத்து அவரை உட்கார வைத்தேன். விரல் மூலையைத் தேடியது. முதல் விசையைத் தட்டியதும் அந்த மூக்குக் குரல் 'ரெடி' என்றது. கோமதி சிரித்துவிட்டார். "ஏட்டி நிவி, உன் ரோபோ தாத்தா வந்தாச்சு பாரு!" நிவி வரவில்லை. சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் பாவாடை மட்டும் தெரிந்தது.

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. "அந்தச் சயின்ஸ் புஸ்தகத்தை எடு கோமதி" என்றார். வேறு எத்தனையோ பாடம் இருக்க, அதே பாடத்தைக் கேட்டார். புத்தகத்தைக் கவிழ்த்தார். வெளிச்சக் கோடு மெதுவாக நகர்ந்தது. குரல் படிக்கத் தொடங்கியது.

கண் தெரியாதவர்களால் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள முடியாது என்று அது ஆங்கிலத்தில் படித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விசையைத் தட்டி நிறுத்தினார். பின்னால் போய் மறுபடி அந்த வரிகளைக் கேட்டார். மேலே போனார். அடுத்த பக்கத்தில் இன்னோரிடத்தில் நிறுத்தினார். வினாக்களில் ஒரு முறை நிறுத்தினார். பிறகு ஹெட்போனைக் கழற்றும் பழக்கத்தில் காதைத் தொட்டுவிட்டு, கையைக் கீழே இறக்கினார்.

"நிவி, இங்க வா."

வந்தாள்.

"இந்த மூணு இடந்தானே நீ விட்டது?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயைத் திறந்து சொல்லும்மா. இந்த மூணு இடந்தானா? வேற எங்கயும் எழுத்து தெரியாம விடலியே? நடுவுல எழுத்து அழிஞ்ச மாதிரி, மங்கலா, அப்படி எதுவும் இல்லியே?"

நிவிக்குக் கேள்வியே புரியவில்லை. "அன்னீ கனிபிஸ்தாயி அப்பா. எல்லாம் தெரியுது."

"பின்ன ஏன் விட்ட?"

"அது அபத்தம். பொய். நீங்க அப்படி இல்ல." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

சங்கரலிங்கம் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தார். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தைத் தடவி, இமைகளின்மேல் கட்டைவிரலை வைத்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கோமதிக்கும் தெரியவில்லை.

"என்ன ஆச்சு? எதுக்கு இப்படிச் செய்யுதிய?" என்று கோமதி பதறினார்.

அவர் நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்குக் கண்ணு போனது இவ வயசுலதான் மேடம். ஒரே நாள்ல போகல. முதல்ல புஸ்தகத்துல நடு நடுவுல வரி காணாமப் போச்சு. மேல இருக்கும், கீழ இருக்கும், நடுவுல இருக்காது. தாண்டித் தாண்டிப் படிப்பேன். சோம்பேறித்தனம்னு வாத்தியார் அடிச்சார். எனக்கே தெரியாது, எனக்கு வரி விட்டுப் போவுதுன்னு." மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "போன மாசம் இவ படிக்கையில வாக்கியம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. மறுநாளும் ஒட்டல. வரி விட்டுப் போவுதுன்னு தெரிஞ்சு போச்சு. எந்த வரின்னு மட்டும் தெரியல. போன்ல எடுக்கச் சொன்னா இவதான் பிடிக்கணும். பக்கத்து வீட்ல கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார் கோமதி.

"சொன்னா நிசமாயிரும்னு இருந்துச்சு கோமதி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவும் அதான் பயம். மொதல்ல நானே தெரிஞ்சுக்கிடணும்னு நெனச்சேன்."

கோமதி அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முதுகையும் அவர் முதுகையும் மாறி மாறித் தடவினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் அந்த ஒரு வாரமும் சுமந்தது அந்தக் குழந்தையின் பயத்தை மட்டும்தான். அதற்கு நேர் எதிரில் இன்னொரு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. அன்று அவள் கண்ணீருக்கு இரங்கி, ஓடாது என்று சொல்லியிருந்தால், அந்த மனிதர் இன்னும் எத்தனை மாதம் தன் மகள் குருடாகிக்கொண்டிருக்கிறாள் என்று நம்பி, ஒவ்வொரு மாலையும் அவள் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்! என்னிடம் அவர் சொன்ன குறை 'ஸ்கேனர் வேலை செய்யவில்லை' என்பது. அதற்குமேல் சொல்ல அவரால் முடியவில்லை. உங்களிடம் வருகிறவர்களும் அப்படித்தான் வருவார்கள். எல்லாரிடமும் காரணத்தைத் தோண்டிக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நம் வேலையும் இல்லை. கேட்டதை நேர்மையாகச் செய்து கொடுங்கள். அதை வைத்து என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அழுகை ஓய்ந்ததும் நிவி, "அப்பா, எக்ஸாம்ல அந்தக் கொஸ்டின் வந்தா?" என்று கேட்டாள்.

"வந்தா புஸ்தகத்துல இருக்கதையே எழுதிட்டு வா. மார்க்கை எதுக்கு விடணும்?"

"நக்கோ. நான் எழுத மாட்டேன்."

"அப்ப நீயா ஒரு பதில் எழுது. என்ன எழுதுவ?"

அவள் யோசித்தாள். அப்பா காலையில் தானே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஆபீஸ் போவதை, தனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பதை, அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுப்பதை எல்லாம் தெலுங்கும் ஆங்கிலமுமாக அடுக்கினாள். "தேங்காய் வேண்டாம், டீச்சர் சிரிப்பாங்க" என்றார் அவர். தேங்காய் இருக்கட்டும் என்று கோமதி சொன்னார்.

எனக்குச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள். கிளம்பும்போது சங்கரலிங்கம், "மேடம், ஒரு தடவை டாக்டர்கிட்டயும் காட்டிரலாம்னு இருக்கேன். இப்ப தைரியம் வந்திருக்கு. நீங்களும் கூட வருவியளா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

கண் மருத்துவமனையில் முடிவு என்னவாயிற்று என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்து, எல்லாம் பார்த்துவிட்டு, அவருக்கு வந்த நோயின் அறிகுறி எதுவும் குழந்தையிடம் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டி வந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அதற்கு முன்னால் நடந்தது.

நிவியை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். சங்கரலிங்கம் சுவரோரம் என் பக்கத்தில் நின்றார். அவள் பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நிவி முதல் வரியைப் படித்தாள். "கீழே" என்றார் டாக்டர். படித்தாள். "இன்னும் கீழே." படித்தாள். எந்த எழுத்தையும் விடாமல், சத்தமாக, தேர்வில் ஒப்பிப்பதுபோலப் படித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் உதடு லேசாக அசைந்தது.

"இன்னும் கீழே" என்று மறுபடியும் டாக்டர் சொன்னார். சங்கரலிங்கம் என் பக்கம் சாய்ந்தார்.

"மேடம், எழுத்து இப்ப எவ்ளோ சின்னதா இருக்கு?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். நிவி அந்த வரியைப் பாதிக்கு மேல் படித்து முடித்திருந்தாள்.

"எனக்குத் தெரியல சங்கரலிங்கம்" என்றேன். "அவ படிக்கிறது எதுவும் எனக்குத் தெரியவே இல்லை."